கேபினில் விசிறி மாட்டுகிறீர்களா? முதலில் ஃபியூஸைப் பாருங்கள்!

ஓசூர், பாகலூர், பேரிகை, தளி பக்கம் ரோஜா பயிரிடும் வீடுகளில் ஊர் அடங்கிய பிறகுதான் வண்டிக்கு வேலை ஆரம்பிக்கும். விடிவதற்குள் பூ பெங்களூரு கே.ஆர். மார்க்கெட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். ஓசூரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர்தான். ஆனால், பூவை ஏற்றிய பிறகு சாவியைத் திருப்பினால் வண்டி 'டக்... டக்' என்று மட்டும் சொன்னால்? ஒரு மணி நேரம் தாமதமானாலே காலை ஏலம் கைவிட்டுப் போய்விடும். ராயக்கோட்டைத் தக்காளிக்கும் இதே கதைதான்.

பேட்டரி இப்படி இறங்கிப்போக, முந்தின நாள் அணைக்க மறந்த சின்ன கேபின் விசிறியே போதும்.

விசிறி தேவைதான்

விவசாயிகள் வைத்திருக்கும் சின்ன சரக்கு வண்டிகள் பலவற்றில் இருக்கைக்கு அடியிலேயே எஞ்சின் இருக்கிறது. 2005-ல் வந்த டாடா ஏஸ், 2011-ல் ஓசூரிலேயே தயாராகி வந்த அசோக் லேலண்ட் தோஸ்த் இரண்டுமே அப்படித்தான். கோடையில் கேபினுக்குள் உட்கார முடியாது. புழுக்கத்தில் களைப்பும் தூக்கமும் சேர்ந்தால் நெடுஞ்சாலையில் ஆபத்து.

2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் லாரிகளின் கேபினில் ஏ.சி. கட்டாயம் என்று மத்திய அரசு விதி கொண்டுவந்திருக்கிறது. ஆனால் அது மொத்த எடை 3.5 டன்னுக்கு மேற்பட்ட வாகனங்களுக்குத்தான். சின்ன வண்டிக்கும், ஏற்கெனவே ஓடும் வண்டிக்கும் விசிறிதான் வழி. வயரிங் தெரிந்தவர்கள் வீட்டிலேயே மாட்டிக்கொள்ளலாம். கணக்கு மட்டும் தப்பக் கூடாது.

கணக்கு இதுதான்

விசிறியின் மேல் எழுதியிருக்கும் வாட்ஸை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். 24 வாட்ஸ் விசிறி, 12 வோல்ட் பேட்டரி என்றால் 2 ஆம்பியர். இரவு 10 மணி நேரம் ஓடினால் 20 ஆம்பியர்-அவர் போய்விடும். பேட்டரி 35 ஆம்பியர்-அவர் என்றால் பாதிக்கு மேல் காலி. பழைய பேட்டரி அதற்கு மேல் எஞ்சினைச் சுற்றாது.

அதனால் விசிறிக்கு மின்சாரம் நேராக பேட்டரியிலிருந்து வேண்டாம். சாவி போட்டால் மட்டும் உயிர் வரும் இணைப்பிலிருந்து எடுக்க வேண்டும். அப்போது அணைக்க மறந்தாலும், சாவியை எடுத்ததும் விசிறி தானே நின்றுவிடும்.

வாங்க வேண்டியவை

12 வோல்ட் விசிறி, 1 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், 5 ஆம்பியர் ஃபியூஸ், ஃபியூஸ் ஹோல்டர், லக், ரப்பர் புஷ், கேபிள் டை, டெஸ்ட் லாம்ப். எல்லாம் ஓசூரிலேயே கிடைக்கும். பூ இறக்கியவர்கள், கே.ஆர். மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஜே.சி. ரோட்டில் கடை திறந்ததும் வாங்கி வரலாம். பெரிய லாரிகளில் பெரும்பாலும் 24 வோல்ட் இருக்கும். அதில் 12 வோல்ட் விசிறியை மாட்டினால் கருகிவிடும்.

மாட்டும் முறை

1. வண்டியை அணைத்து, டெஸ்ட் லாம்ப்பால் ஃபியூஸ் பாக்ஸில் தேடுங்கள். சாவி போட்டால் எரிந்து, எடுத்தால் அணைகிற ஃபியூஸ்தான் உங்களுக்கு வேண்டியது. ஹெட்லைட், பிரேக் லைட், ஹாரன் ஃபியூஸ்களைத் தொட வேண்டாம்.

2. சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி ஒதுக்கி வையுங்கள். இதற்குப் பிறகுதான் ஒயரில் கை வைக்க வேண்டும்.

3. அந்த ஃபியூஸிலிருந்து பாசிட்டிவ் எடுத்து, ஒரு சாண் தூரத்துக்குள் 5 ஆம்பியர் ஃபியூஸை வையுங்கள். அதன் பிறகு சுவிட்ச், அதற்குப் பிறகு விசிறி.

4. நெகட்டிவ் ஒயரை பெயின்ட் சுரண்டிய பாடி போல்ட்டில் லக் வைத்து இறுக்குங்கள்.

5. தகடு வழியாக ஒயர் போகும் ஓட்டையில் ரப்பர் புஷ் போடுங்கள். பிரேக், கிளட்ச் பெடலுக்குப் பக்கத்தில் ஒயர் தொங்கக் கூடாது.

6. கண்ணாடி வழியாகப் பார்க்கும் பார்வையை மறைக்காத இடத்தில் விசிறியை ஸ்குரூ போட்டு நிறுத்துங்கள். ஏர்பேக் உள்ள வண்டியில் அதன் மூடி மேல் எதையும் பொருத்தக் கூடாது.

7. கடைசியாக நெகட்டிவ் முனையை மாட்டி, சாவி போட்டுப் பாருங்கள். சாவியை எடுத்ததும் விசிறி நிற்கிறதா என்பதையும் பாருங்கள்.

ஃபியூஸ்தான் காவல்காரன்

கரடுமுரடான வண்டிப்பாதையில் ஆடி ஆடி ஒயரின் மேலுறை தகட்டில் உரசித் தேய்ந்தால், செம்பு நேராக பாடியில் படும். ஃபியூஸ் இருந்தால் அது போவதோடு சரி. இல்லாவிட்டால் பேட்டரி தன் முழு பலத்தையும் அந்த ஒயரில் இறக்கும். ஒயர் பழுத்து, கேபினே தீப்பிடிக்கலாம். மோட்டார் கொட்டகையில் ஃபியூஸ் கட்டைக்குத் தடித்த கம்பி கட்டி மோட்டாரைக் கருக வைத்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. அங்கே போவது மோட்டார். இங்கே உள்ளே ஆள் இருக்கிறார்.

வாரன்டி முடியாத வண்டியில் ஒயரைக் கை வைக்கும் முன் சர்வீஸ் சென்டரில் கேட்டுக்கொள்ளுங்கள். வயரிங் பழக்கமில்லாதவர்கள் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொடுப்பதே நல்லது. அவரிடமும் 'ஃபியூஸ் எங்கே வைத்தீர்கள்?' என்று கேட்டுப் பாருங்கள்.

வாசகர் சந்தேகம்

சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகினால் போதாதா?

2 ஆம்பியர் விசிறிக்குப் போதும், வேலையும் சுலபம். ஆனால் சில வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் அந்த சாக்கெட்டில் மின்சாரம் இருக்கும். முதலில் அதைச் சோதித்துவிடுங்கள்.

ஃபியூஸ் அடிக்கடி போகிறது. 15 ஆம்பியர் போடலாமா?

கூடாது. அடிக்கடி போகிறது என்றால் எங்கோ ஒயர் உரசுகிறது அல்லது விசிறி மோட்டார் பழுதாகியிருக்கிறது. அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்த பிறகு, அதே 5 ஆம்பியர் ஃபியூஸையே போடுங்கள். மாற்று ஃபியூஸ் இரண்டு டேஷ்போர்டில் எப்போதும் இருக்கட்டும்.