அமுக்கினால் விளையும் அம்மோனியா

கோலி சோடாப் புட்டி ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். உள்ளே ஒரு சலனமும் தென்படாது. ஆனால் அது வெறும் தோற்றமே. ஜலத்தில் கரைந்துள்ள கரியமில வாயு கணந்தோறும் மேலே வெளியேறுகிறது. மேலேயுள்ள வாயு அதே அளவில் ஜலத்துக்குள் புகுகிறது. போக்கும் வரவும் சரியாயிருப்பதால் நம் கண்ணுக்கு ஒன்றும் புலனாவதில்லை. இந்நிலையையே ரஸாயன சாஸ்திரிகள் சமநிலை என்பர்.

கோலியை உள்ளே தள்ளியதும் அமுக்கம் குறைகிறது. அக்குறையை ஈடுசெய்ய முயல்வதுபோல ஜலத்திலிருந்து வாயு பொங்கி எழுகிறது.

இதில் அடங்கிய பொது விதியை 1884-ஆம் ஆண்டில் எடுத்துரைத்தவர், ஹென்றி லெ சாட்லியர் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி. சமநிலையிலுள்ள பொருள்களை அமுக்கத்தாலோ, உஷ்ணத்தாலோ, அளவைக் கூட்டிக் குறைத்தோ கலைத்தால், அக்கலைவைத் தணிக்கும் திசையிலேயே அவை மாறும். தணிக்குமேயன்றி, அடியோடு நீக்கிவிடா.

ஏட்டில் எழுதிய இவ்விதி மனிதனுக்குச் சோறு அளித்த கதையைக் கேளுங்கள். காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். ஆயினும் பெரும்பாலான பயிர்கள் அதை நேராக உட்கொள்ள இயலாது. அம்மோனியா போன்ற உருவில் மாற்றித் தரவேண்டும். ஒரு பங்கு நைட்ரஜனும் மூன்று பங்கு ஹைட்ரஜனும் கூடினால் இரண்டு பங்கு அம்மோனியா உண்டாகும், உஷ்ணமும் வெளிப்படும். நான்கு பங்கு இரண்டாகச் சுருங்குவதால், அமுக்கினால் அம்மோனியா பெருகும். உண்டான அம்மோனியாவை அவ்வப்போது குளிர்வித்துப் பிரித்தெடுத்தால், மேலும் உண்டாகும். உஷ்ணத்தைக் குறைத்தாலும் பெருகும். ஆனால் வேகம் மிகவும் குன்றிவிடும். வேகத்தைக் கூட்ட ஊக்கி ஒன்று வேண்டும். ஊக்கி வேகத்தைக் கூட்டுமேயொழியச் சமநிலையை மாற்றாது.

1901-இல் லெ சாட்லியரே இம்முயற்சியில் இறங்கினார். வாயுக் கலவையில் காற்று சேர்ந்துவிட்டதால் கருவி வெடித்துச் சிதறியது. உதவியாளர் ஒருவர் மயிரிழையில் உயிர் தப்பினார். அத்துடன் அவர் அம்முயற்சியைக் கைவிட்டார். 1909-இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே நகரில் ஃபிரிட்ஸ் ஹாபர் அதில் வெற்றி கண்டார். கார்ல் போஷ் அதைத் தொழிலாக வளர்க்க, 1913-இல் ஒப்பாவில் ஆலை இயங்கத் தொடங்கியது. தம் விஞ்ஞான வாழ்வின் மிகப் பெரிய பிழை அன்று விட்டுவிட்டதே என்று லெ சாட்லியர் பிற்காலத்தில் வருந்தினார்.

அடுத்த ஆண்டே உலக யுத்தம் மூண்டது. வயலுக்கு எருவாக வேண்டிய அம்மோனியா, ஜெர்மனியில் நைட்ரிக் அமிலமாகி வெடிமருந்துக்கும் சென்றது. இன்றோ, உலக மக்களில் ஏறக்குறையப் பாதிப்பேரின் உணவு இம்முறையில் செய்த எருவை நம்பியிருப்பதாக மதிப்பிடுகிறார்கள்.

அமுக்கினால் எத்திசையில் மாறும் என்பதை இயற்கை விதி சொல்லும். விளைந்த பொருளை வயலுக்கு அனுப்புவதா, போர்க்களத்துக்கு அனுப்புவதா என்பதை அது சொல்லாது. அதை முடிவு செய்ய வேண்டியவர்கள் நாமே.