மண்ணின் உணர்வைத் தீட்டிய ரஸா

மொரப்பூரில் இரயிலை விட்டிறங்கி அரூர்ச் சாலையில் செல்வோர் செம்மண் நிலத்தையும் புளிய மரங்களையும் தொலைவில் மங்கித் தெரியும் குன்றுகளையும் காண்பர். இக்காட்சியை உள்ளபடி காட்டப் புகைப்படம் போதும். காண்பவர் உள்ளத்தில் எழும் உணர்வை எதைக் கொண்டு காட்டுவது? நவீன நிலக்காட்சி ஓவியம் இதற்கே விடை தேடுகிறது. அவ்வழியில் நெடுந்தூரம் சென்றவர் சையத் ஹைதர் ரஸா.

வன அலுவலர் ஒருவரின் மகனாக, மத்தியப் பிரதேச மண்டலா மாவட்டத்துப் பாபரியாவில் 1922இல் பிறந்தவர் அவர். நர்மதைக் காட்டின் இரவிருள் அவர் நினைவில் நிலைத்தது. 1948இல் காஷ்மீரில் அவர் ஓவியங்களைக் கண்ட பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் கார்த்தியே-பிரெஸ்ஸோன், அவற்றில் கட்டமைப்புக் குறைவு எனச் சுட்டி, செஸானைப் பயிலுமாறு கூறினார். 1950இல் ரஸா பாரிஸ் சென்றார். பிரெஞ்சுக் கிராமங்களைத் திண்ணிய வண்ணங்களில் தீட்டினார். 1956இல் அந்நாட்டு விமர்சகர் பரிசைப் பெற்றார். 1962இல் அமெரிக்காவின் பெர்க்லியில் கற்பித்தபோது ராத்கோவின் ஓவியங்கள் அவரைக் கவர்ந்தன. அதன்பின் வீடும் மரமும் உருவிழந்து வண்ணங்களாயின. ராஜஸ்தானச் சிற்றோவியங்களும் துணை நின்றன. ‘பூமி’ எனப் பொருள்படும் ‘லா தேர்’ ஓவியங்களில் கருமைக்குள்ளிருந்து செம்மை கனன்றெழுகிறது. அது கண் கண்ட நிலமன்று; உள்ளம் சுமந்த நிலம்.

ஓவியம் என்றதும் முழுவதையும் ஹராம் எனத் தள்ளும் போக்கு நம்மிடையே உண்டு. உருவம் வரைந்து பிழைத்த ஒருவர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் வந்தார். நபி (ஸல்) அவர்களின் எச்சரிக்கையை எடுத்துரைத்த அவர்கள், வரைந்தே ஆகவேண்டுமெனில் மரத்தையும் உயிரற்றவற்றையும் வரையலாம் என வழிகாட்டினார்கள். இதனை ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம். எட்டாம் நூற்றாண்டில் எழுந்த டமாஸ்கஸ் உமையா பள்ளிவாசலின் சுவர்களிலும் மரங்களும் ஆறும் மாளிகைகளும் உண்டு, உயிரினங்கள் இல்லை.

ரஸா பிற்காலத்தில் வரைந்த ‘பிந்து’வுக்கு அவர் கொண்ட தத்துவம் இந்திய மெய்யியல் சார்ந்தது, நம் அகீதாவன்று. இதை மறைக்க வேண்டியதில்லை. அதற்காக அவருடைய நிலக்காட்சிகளைப் புறக்கணிக்கவும் வேண்டியதில்லை. 2016இல் மறைந்த அவர், தம் விருப்பப்படி மண்டலாவில் தந்தையின் கப்றருகே அடக்கம் செய்யப்பட்டார்.

மலைகளையும் பூமியையும் நோக்கிச் சிந்திக்குமாறு சூரத்துல் காஷியா நம்மைப் பணிக்கிறது. வரையும் ஆற்றலுள்ள நம் மாணவனின் தூரிகையைப் பறிப்பதைவிட, அவனை வயல்வெளிக்கு அழைத்துச் சென்று நோக்கக் கற்பிப்பதே ஆசிரியர்களாகிய நம் கடமை.