ஆவாரை

தாவரவியல் பெயர்: சென்னா ஆரிகுலேட்டா
குடும்பம்: ஃபேபேசி

ஆவாரை இந்தியாவின் வறண்ட பகுதிகளுக்கும் இலங்கையின் உலர்வலயத்துக்கும் உரிய புதர்ச்செடி. கரம்பு, சாலையோரம், ஏரிக்கரை ஆகிய இடங்களில் 1 முதல் 3 மீட்டர் உயரம் வரை வளரும். செம்மண், கரிசல், சரளை மண் ஆகிய எதிலும் வேரூன்றும்.

பூவில் தேன் இல்லை. மகரந்தமே வண்டினங்களுக்கு உணவு. மகரந்தப்பையின் நுனித் துளை வழியே மட்டும் மகரந்தம் வெளிவரும். கரிய தச்சுத் தேனீக்கள் பூவைப் பற்றிக்கொண்டு உடலை அதிரச் செய்து மகரந்தத்தை உதிர்க்கின்றன. அப்போது மகரந்தச் சேர்க்கையும் நிகழ்கிறது. வெள்ளை, மஞ்சள் நிறப் பட்டாம்பூச்சிகள் சில இதன் இலைகளில் முட்டையிடும். அவற்றின் புழுக்கள் தளிர்களைத் தின்று வளரும்.

விதையுறை கடினமானது. விதையை வெந்நீரில் இட்டு ஓரிரவு ஊறவைத்தால் எளிதில் முளைக்கும். புரட்டாசியில் விதைத்தால் வடகிழக்குப் பருவமழையில் வேர் பிடிக்கும். முதல் கோடையில் மட்டும் அவ்வப்போது நீர் ஊற்ற வேண்டும். நீர் தேங்கும் இடமும் அடர்ந்த நிழலும் ஆகாது. பூத்து ஓய்ந்தபின் கிளைகளைக் கவாத்து செய்தால் செடி அடர்ந்து தழைக்கும். ஆடுமாடுகள் பெரும்பாலும் மேயாததால் உயிர்வேலிக்கும் ஏற்றது.

பட்டையில் உள்ள துவர்ப்புப் பொருள் தோல் பதனிடப் பயன்பட்டது. கொங்கு நாட்டில் பொங்கலுக்கு முந்தைய நாள் வேப்பிலை, பூளைப்பூவோடு ஆவாரம்பூவையும் சேர்த்துக் காப்புக் கட்டுவர்.