இரட்டை மலையும் இடிந்த கோட்டையும்

செக் நாடு என்றால் நமக்கு என்ன ஞாபகம் வரும்? பாட்டா செருப்பும் ஸ்கோடா காரும் வரும். அதைத் தாண்டி நமக்கு அதிகம் தெரியாது, இல்லீங்களா? அந்த நாட்டில் சில நூறு பேர் மட்டுமே வசிக்கும் பெஸ்த்யெஸ் என்ற சின்னஞ்சிறு கிராமத்தைப் பற்றித்தான் இங்கே எழுதப் போகிறேன். தலைநகரம் பிராகிலிருந்து வடக்கே சுமார் 60 கி.மீ. தூரத்தில் இருக்கிறது.

ஊருக்கு மேலே இரண்டு கூம்பு மலைகள் ஒட்டினாற்போல் நிற்கின்றன. பெரியதன் உயரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 604 மீட்டர். சுற்றிலும் தாழ்வான நிலமாக இருக்க, இந்த இரண்டு மட்டும் எப்படி எழுந்தன? இந்தப் பகுதி ஒரு காலத்தில் கடலடியில் கிடந்தது. அப்போது படிந்த மணல்தான் மணற்பாறை ஆனது. பிற்காலத்தில் பூமிக்குள்ளிருந்து உருகிய குழம்பு அதைத் துளைத்துக்கொண்டு மேலே வந்து இறுகியது. மெத்தென்ற மணற்பாறை மழையிலும் காற்றிலும் கரைந்து போக, கெட்டியான கல் மட்டும் மிஞ்சி மலையாக நிற்கிறது. அந்தக் கல்லின் பெயர் ஃபோனோலைட். தட்டினால் கணீரென்று சத்தம் கேட்கும் என்பதால் வந்த பெயர்!

மன்னர் இரண்டாம் ஒட்டகர் 1264ஆம் ஆண்டு வாக்கில் இங்கே கோட்டை கட்டத் தொடங்கினார். 1278இல் ருடால்ஃபுடன் நடந்த போரில் அவர் கொல்லப்பட்டார். அவருடைய மகன் வென்செஸ்லாஸுக்கு அப்போது 7 வயதுகூட நிரம்பவில்லை. பையனுக்குக் காப்பாளராக வந்தவர் பிராண்டன்பர்க் ஒட்டோ. வேறு யாருமில்லை, சொந்த அத்தை மகன்! 1279இல் பையனையும் தாயையும் இதே கோட்டையில் கொண்டுபோய் அடைத்தார். அப்பா கட்டிய கோட்டையே மகனுக்குச் சிறையாயிற்று. தாய் எப்படியோ வெளியேறிவிட்டார். பையனைப் பிறகு வேறு இடத்துக்கு மாற்றினார்கள். 1283இல்தான் அவன் பிராகுக்குத் திரும்பினான். பின்னாளில் அவனே மன்னனாகி, 1300இல் பிராக் குரோஷன் என்ற புகழ்பெற்ற வெள்ளி நாணயத்தை வெளியிட்டான்.

இதெல்லாம் ராஜா கதை. எங்க அப்பா கொத்தனார். அதனாலோ என்னவோ, எனக்குக் கட்டிடத்தின் மேல்தான் கண் போகிறது. அந்தச் செங்குத்தான மலைமேல் அவ்வளவு கல்லையும் சுண்ணாம்பையும் தண்ணீரையும் ஏற்றியிருக்கிறார்களே, அவர்கள் யார்? நான் படித்தவரையில் கட்டச் சொன்னவர் பெயர் இருக்கிறது, சுமந்தவர் பெயர் ஒன்றுகூட இல்லை. ஆனால் வேலை பேசுகிறது. கோட்டைக்குள் உள்ள தேவாலயத்தின் கல் வளைவுக் கூரை 700 வருஷத்துக்கு மேலாகியும் இன்னும் நிற்கிறது. சுமார் 35 மீட்டர் உயரப் பெரிய கோபுரமும் நிற்கிறது.

அப்படியானால் மற்றதெல்லாம் ஏன் பாழடைந்தது? பீரங்கியால் என்று நினைப்போம். பாதி உண்மைதான். போர்களில் அடிபட்ட பிறகும் 17ஆம் நூற்றாண்டில் இது கிறிஸ்தவத் துறவிகளின் மடமாகி, கூட்டம் கூட்டமாக யாத்ரீகர்கள் வந்தார்கள். மலைப்பாதை ஓரத்தில் அவர்களுக்காகக் கட்டிய சிறு ஆலயங்களை இன்றும் பார்க்கலாம். 1785இல் பேரரசர் இரண்டாம் ஜோசப் மடத்தை மூட உத்தரவு போட்டார். அந்தக் காகிதம்தான் கோட்டையின் கதையை முடித்தது. ஆள் இல்லாத கட்டிடத்தில் கூரையைப் பார்ப்பார் யார்? கூரை போனால் மழைநீர் சுவரின் தலைவழியே உள்ளே இறங்கும். நம்ம ஊரில் அது காய்ந்துவிடும். அங்கே குளிர்காலத்தில் உறையும். தண்ணீர் பனிக்கட்டி ஆகும்போது சுமார் 9 சதவீதம் பருமன் கூடும். சுவருக்குள்ளே ஆப்பு அடித்த மாதிரிதான்! ஒவ்வொரு வருஷமும் விரிசல் கொஞ்சம் கொஞ்சமாக அகலும்.

பாழான பிறகுதான் கவிஞர்கள் வந்தார்கள். கரெல் ஹைனெக் மாகா என்ற இளைஞருக்கு இடிந்த கோட்டைகள் என்றால் உயிர். நடந்தே போய்ப் பார்ப்பார், படமும் வரைவார். இந்த வட்டாரத்தின் ஏரியையும் மலைகளையும் மனதில் வைத்து அவர் எழுதிய 'மாய்' என்ற காவியம் 1836இல் வெளிவந்தது. அதே வருஷம் நவம்பரில், 26 வயது நிரம்புமுன்பே இறந்துபோனார். கோட்டைக் கோபுரத்தில் ஏறினால் நான்காம் சார்லஸ் மன்னர் 14ஆம் நூற்றாண்டில் மீன் வளர்க்க வெட்டுவித்த பெரிய ஏரி தெரியும். இப்போது அதன் பெயர் மாகா ஏரி.