29-ஆம் நாளுக்குப் பிறகு

நம்மூரில் குழந்தையின் மொட்டைத் தலையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. "பழனியா, திருப்பதியா?" என்று கேட்டுவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள். ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் நாலு வயதுப் பிள்ளையோடு பஸ் ஏறும் தாய்க்கு அது ஒரு சௌகரியம். "பழனிக்குத்தாங்க" என்று சொல்லி முடித்துவிடலாம். உற்றுப் பார்ப்பவர்களுக்குத்தான் தெரியும், அந்தத் தலையில் சந்தனம் இல்லை, புருவமும் சேர்ந்து உதிர்ந்திருக்கிறது.

குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் அதிகம் காணப்படுவது அக்யூட் லிம்போபிளாஸ்டிக் லுகேமியா. டாக்டர்களுக்கு அது 'ஏஎல்எல்'. வார்டு வாசலில் காத்திருக்கும் குடும்பங்களுக்கு 'பிளட் கேன்சர்'. இரண்டு முதல் ஐந்து வயதுக்குள் அதிகம் வரும். விட்டுவிட்டு வரும் காய்ச்சல், வெளுத்த முகம், அடிபடாமலே தோன்றும் நீலத் திட்டுகள், 'கால் வலிக்குது, தூக்கு' என்ற அடம். இப்படித்தான் ஆரம்பிக்கும். பெற்றோர் செய்த எதனாலும் வருவதில்லை, தொற்றுவதும் இல்லை.

1940-களின் நடுப்பகுதி வரை இதற்கு மருந்தே கிடையாது. 1948-இல் பாஸ்டன் நகரில் சிட்னி ஃபார்பர் 16 குழந்தைகளுக்கு அமினோப்டெரின் என்ற மருந்தைக் கொடுத்து, 10 பேருக்கு நோய் தற்காலிகமாகவேனும் பின்வாங்கியதை எழுதினார். அந்த மருந்தை உருவாக்கிய லெடர்லே ஆய்வகத்துக் குழுவின் தலைவர் யெல்லப்பிரகடா சுப்பாராவ், நம் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்தவர். இன்றும் இந்தச் சிகிச்சையின் தூண்களில் ஒன்றான வின்கிறிஸ்டின், நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுக்கப்படுவது. சுடுகாட்டு மல்லி என்று நாம் வீட்டுக்குள் சேர்க்காத அதே செடிதான்.

ஆக, மருந்து இருக்கிறது. பணக்கார நாடுகளில் புற்றுநோய் வந்த குழந்தைகளில் 80 சதவீதத்துக்கும் மேல் பிழைக்கிறார்கள். ஏழை நாடுகளில் 30 சதவீதத்துக்கும் குறைவு என்கிறது உலக சுகாதார நிறுவனம். நோயைத் தாமதமாகக் கண்டுபிடிப்பதும் மருந்து கிடைக்காததும் இந்த இடைவெளிக்குக் காரணங்கள். இன்னொன்றைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை: பாதியில் நின்றுபோகும் சிகிச்சை.

முதல் கட்டம் சுமார் நாலு வாரம். ஸ்டீராய்டு, வின்கிறிஸ்டின், முதுகுத் தண்டில் ஊசி எல்லாம் சேர்ந்து நடக்கும். முகம் உப்பும், கோபம் பொத்துக்கொண்டு வரும், நடுராத்திரி இரண்டு மணிக்கு "தயிர் சாதம் குடு" என்று பிள்ளை உட்கார்ந்துகொள்ளும். பல இடங்களில் 29-ஆம் நாள் எலும்பு மஜ்ஜையை எடுத்துப் பார்ப்பார்கள். பெரும்பாலான குழந்தைகளுக்கு அதற்குள் நோய் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு அடங்கியிருக்கும். வீட்டுக்குப் போன் பறக்கும், பாட்டி வேண்டுதலை நிறைவேற்றக் கிளம்பிவிடுவார்.

ஆபத்து தொடங்குவது அங்கேதான். நோய் கண்டுபிடிக்கும்போது உடம்பில் லட்சம் கோடி அளவில் இருக்கும் புற்றணுக்கள், மைக்ராஸ்கோப்பில் தெரியாமல் போன பிறகும் நூற்றுக்கணக்கான கோடிகளில் எஞ்சியிருக்கக்கூடும். அதனால்தான் மொத்தச் சிகிச்சை இரண்டு முதல் மூன்று ஆண்டு. பிள்ளை ஓடியாடுகிறது, முடி முளைக்கிறது, அப்பாவின் வேலை போயிருக்கிறது, நகை அடகில் இருக்கிறது. 'நல்லாத்தானே இருக்கான், இனி எதுக்கு?' என்ற கேள்வி உறவுக்காரர் வாயிலிருந்து வரும். கேட்பவரைக் குறை சொல்லவும் முடியாது, கண்ணால் பார்த்ததைத்தான் அவர் சொல்கிறார்.

கடைசிக் கட்டம் பெரும்பாலும் வீட்டுச் சமையலறையில் நடக்கிறது. தினம் இரவு மெர்காப்டோப்யூரின். உடம்பின் அளவுக்குத் தகுந்த டோஸ் என்பதால் ஒருநாள் முழு மாத்திரை, மறுநாள் பாதி என்று மாறலாம். நோயாளிகளின் வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரைப் பார்க்க வேண்டும்: ஒவ்வொரு தாளிலும் பேனாவால் '1' அல்லது '½', வாரத்தில் ஒரு கிழமைக்கு மட்டும் வட்டம். வட்டம் போட்ட நாள் மெத்தோட்ரெக்சேட். இது வாரத்துக்கு ஒருமுறைதான். தவறித் தினமும் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. மெர்காப்டோப்யூரினில் 100 வேளைக்கு ஐந்துக்கு மேல் தவறவிட்ட குழந்தைகளுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் மேல் என்று அமெரிக்க ஆய்வுகள் காட்டின. ஒரு பாட்டியின் மறதி அவ்வளவு கனமானது.

'கவுன்ட்டு இறங்கிடுச்சு' என்பது இந்த வீடுகளில் அன்றாடப் பேச்சு. நோயை எதிர்க்கும் வெள்ளணுக்கள் மருந்தால் குறைந்திருக்கின்றன என்று அர்த்தம். அப்போது 100.4 டிகிரி காய்ச்சல் என்றால் அது அவசரம். 'பாராசிட்டமால் கொடுத்து, விடியட்டும் பார்ப்போம்' என்பது மற்றப் பிள்ளைகளுக்குச் சரி. இங்கே அந்த மாத்திரை காய்ச்சலை மறைத்துவிடும், கிருமி மட்டும் ரத்தத்தில் பெருகும். ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற வேண்டும். இரவு 11 மணிக்கு ஆட்டோ கிடைக்குமா, யார் எண்ணுக்கு அழைப்பது என்பதை முன்கூட்டியே முடிவு செய்து வைப்பதும் சிகிச்சைதான். பிளேட்லெட் குறைந்தால் பப்பாளி இலைச் சாறு என்று யாராவது கொண்டுவருவார்கள். டெங்கு காலத்துப் பழக்கம். பச்சை இலையை அரைத்த சாறு, எதிர்ப்பு இல்லாத குடலுக்குள் கிருமியை ஏற்றிவிடும். அன்பளிப்பை மறுக்கச் சங்கடப்பட வேண்டாம். டாக்டர் மேல் பழியைப் போட்டுவிடலாம்.

பணத்துக்கு வழிகள் உண்டு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. ரயிலில் புற்றுநோயாளிக்கும் உடன் செல்பவருக்கும் கட்டணச் சலுகை உண்டு. மருத்துவமனைச் சான்றிதழ் வேண்டும். இவை எதுவும் அப்பாவின் தினக்கூலியையோ ஆஸ்பத்திரி பக்கத்து அறை வாடகையையோ தருவதில்லை. என் பார்வையில், மாத்திரைக்கு ஒதுக்கும் அக்கறையில் கொஞ்சம் பஸ் செலவுக்கும் ஒதுக்கினால் இன்னும் பல பிள்ளைகள் கடைசி டோஸ் வரை வருவார்கள்.

பாட்டி வீட்டில் விடப்பட்ட அக்காவோ அண்ணனோ இதில் காணாமல் போகிறவர்கள். 'தம்பிக்கு என்னாச்சு?' என்று கேட்டால் 'காய்ச்சல்' என்பார்கள். அடுத்த முறை தனக்குக் காய்ச்சல் வரும்போது அந்தப் பிள்ளை மிரண்டுபோகிறது. நோயின் பெயரை அதனிடமும் சொல்லிவிடுவதே மேல்.

மாத்திரைக் கட்டத்தில் டாக்டர் அனுமதியோடு பிள்ளை பள்ளிக்குப் போகலாம். ஆனால் சின்னம்மை பட்டால் இந்த உடம்பு தாங்காது. பக்கத்தில் யாருக்கு வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குச் சொல்லியாக வேண்டும். நம்மூரிலோ அம்மை போட்டால் வேப்பிலை செருகிவிட்டு, வெளியே பேசாமல் இருப்பது வழக்கம். அதனால் ஒன்றாம் வகுப்பு வாசலில் அந்தத் தாய் கேட்பது ஒன்றே ஒன்று: "படிப்பு மெதுவா வரட்டும் டீச்சர். கிளாஸ்ல யாருக்காச்சும் அம்மை போட்டா மட்டும், அன்னிக்கே எனக்கு ஒரு போன் பண்ணிடுங்க."