சுவரை மூடுமுன் பெர்மிட்டைக் கேளுங்கள்

ஸ்காபரோவில் வீடு வாங்கும் நம்மவர் பலருக்கு முதல் யோசனை பேஸ்மென்ட்தான். கீழே ஒரு குசினி, ஒரு குளியலறை, இரண்டு அறை போட்டு வாடகைக்கு விட்டால் மோட்கேஜுக்கு உதவும். கூப்பிட்டதும் வந்து பார்க்கும் கொன்ராக்டர் சொல்வதும் அநேகமாக ஒன்றுதான்: "பெர்மிட்டுக்குப் போனால் இழுபடும் அண்ணை. உள்ளுக்குத்தானே வேலை, ஆருக்குத் தெரியப் போகுது?"

தெரிந்துதான் போகிறது. பக்கத்து வீட்டார் நகரசபையின் 311 எண்ணை அழைத்தால் இன்ஸ்பெக்டர் வாசலுக்கு வருவார். வாடகைக்கு இருப்பவரோடு பிணக்கு வந்தால் அவரே அழைப்பார். வீட்டை விற்கப் போனால் வாங்குபவரின் வழக்கறிஞர் பெர்மிட்டைக் கேட்பார். தீயோ வெள்ளமோ வந்தால் இன்சூரன்ஸ்காரர் கேட்பார். அந்த நேரத்தில் கொன்ராக்டரின் தொலைபேசி வேலை செய்யாது.

பிழை வீட்டுக்காரர் தலையில் விடியும் என்பதைத்தான் நம் சனம் நம்ப மறுக்கிறது. ஒன்ராறியோவின் 1992 ஆம் ஆண்டுக் கட்டடக் கோவைச் சட்டப்படி, பெர்மிட் இல்லாமல் கட்டுவதும், கட்ட விடுவதும் குற்றம். தனிநபருக்கு முதல் தடவை 50,000 டொலர் வரை அபராதம் விதிக்கலாம். ஆனால் அபராதத்தைவிட வலிப்பது திருத்த உத்தரவு. கழிவுக்குழாயின் சரிவு சரியா என்று இன்ஸ்பெக்டர் பார்க்கவேண்டுமென்றால், புதிதாய் ஒட்டிய டைல்ஸைப் பெயர்த்து, ட்ரைவோலை வெட்டித் திறந்து காட்டவேண்டும். அந்தச் செலவை யாரும் திருப்பித் தரமாட்டார்கள். வேலையைத் தொடங்கியபின் பெர்மிட் எடுத்தால் நகரசபை கூடுதல் கட்டணமும் அறவிடும்.

எல்லா வேலைக்கும் பெர்மிட் தேவையில்லை. பெயின்ட் அடிக்கலாம், தரை மாற்றலாம், குழாயைத் தொடாமல் குசினி அலுமாரி மாற்றலாம். ரொறன்ரோவில், சுமைதாங்கும் பகுதிகளைத் தொடாமல், புதுக்குழாய் போடாமல், தனிக்குடியிருப்பாக்காமல் பேஸ்மென்டை அழகுபடுத்தினாலும் தேவையில்லை. ஆனால் தனி அலகாக வாடகைக்கு விடப்போகிறீர்கள் என்றால் தேவை. சுமைதாங்கும் சுவரை எடுத்தால் தேவை. புதிய கழிப்பறை போட்டால் தேவை. வெளியே தனிவாசல் வெட்டினால் தேவை. வாசலுக்குக் குழி தோண்டுமுன், நிலத்தடிக் கம்பிகளையும் எரிவாயுக் குழாயையும் குறித்துத் தர ஒன்ராறியோ வன் கோலுக்கு அறிவியுங்கள். அது இலவசம். அப்படியிருந்தும் செய்யாமல் மண்வெட்டியை எடுப்பவர்களைப் பார்க்கக் கோபம்தான் வருகிறது.

இனிப் பத்திரங்கள். விண்ணப்பம் நகரசபையின் கட்டடப் பிரிவுக்குப் போகிறது. ரொறன்ரோவில் இணையவழியாகவே கொடுக்கலாம். மாகாணத்தின் பெர்மிட் விண்ணப்பப் படிவம், வரைந்தவரின் விவரம் தரும் ஷெடியூல் 1, வீடு இப்போது இருக்கும் வரைபடம், மாற்றியபின் இருக்கப்போகும் வரைபடம் இவைதான் அடிப்படை. வரைபவர் பிசிஐஎன் எனும் கட்டடக் கோவை அடையாள எண் உள்ளவராக இருக்கட்டும். சொந்த வீட்டுக்கு வீட்டுக்காரரே வரையச் சட்டம் இடம் தருகிறது. ஆனாலும் தனி அலகென்றால் தெரிந்தவரிடம் கொடுங்கள். கூரை உயரம், மேல்வீட்டுக்கும் கீழ்வீட்டுக்கும் இடையிலான தீத்தடுப்பு, ஒன்று அலறினால் எல்லாம் அலறும் புகை அலாரங்கள், தப்பிக்கும் யன்னல் எல்லாம் வரைபடத்தில் வரவேண்டும். தப்பும் வழியாகக் காட்டும் யன்னலின் திறந்த இடைவெளி குறைந்தது 0.35 சதுர மீற்றர். எந்தப் பக்கமும் 380 மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது. இது வெறும் கணக்கு இல்லை. இரவில் புகை சூழ்ந்தால் கீழே படுத்திருக்கும் பிள்ளை வெளியேறும் அளவு இது.

வீடுகளுக்கு, முழுமையான விண்ணப்பம் கிடைத்து 10 வேலை நாளில் நகரசபை பெர்மிட்டைத் தரவேண்டும், அல்லது மறுப்பதற்கான காரணத்தைச் சொல்லவேண்டும். "முழுமையான" என்ற இடத்தில்தான் அதிகாரிகள் ஆட்களை அலைக்கழிக்கிறார்கள். ஒரு தாள் குறைவென்று திருப்புவார்கள், அடுத்த முறை இன்னொன்று குறைவென்பார்கள். வாய்ச்சொல்லை ஏற்காதீர்கள். குறைகள் எல்லாவற்றையும் ஒரே தடவையில் எழுத்தில் கேளுங்கள், மின்னஞ்சலைச் சேமித்து வையுங்கள். திருத்த உத்தரவொன்று வந்துவிட்டால் லாச்சிக்குள் போடாதீர்கள். அதில் இன்ஸ்பெக்டரின் பெயரும் தொலைபேசி எண்ணும் இருக்கும், அன்றே பேசுங்கள். மேன்முறையீடு செய்ய 20 நாள்தான்.

மின்சாரம் வேறு. நகரசபை பெர்மிட் கிடைத்துவிட்டது, வயர் வேலையும் அதற்குள் அடங்கும் என்று நினைப்பவர்கள் ஏராளம். அடங்காது. அதற்கு எலெக்ட்ரிகல் சேஃப்ட்டி ஒதோரிட்டியிடம் தனியாக அறிவித்தல் பதியவேண்டும். கூலிக்கு வயர் இழுப்பவர் உரிமம் பெற்ற மின் கொன்ராக்டராக இருக்கவேண்டும். அவருடைய உரிம எண்ணைக் கேட்டு, அந்த அமைப்பின் தளத்தில் சரிபாருங்கள். திரும்பவும் சொல்கிறேன்: பெர்மிட் இருந்தாலும் மின்சாரத்துக்குத் தனிப் பதிவு வேண்டும்.

காசு விஷயம். ஒப்பந்தத்தில் பெர்மிட்டை எடுப்பவர் யாரென்று எழுத்தில் இருக்கட்டும். "நான் எடுத்திட்டன்" என்று சொன்னால், பெர்மிட்டின் பிரதியைப் பார்க்காமல் முற்பணத்துக்கு மேல் ஒரு டொலரும் கொடுக்காதீர்கள். கட்டுமானச் சட்டப்படி ஒவ்வொரு கொடுப்பனவிலும் 10 வீதத்தைப் பிடித்து வைக்கவேண்டியவர் வீட்டுக்காரர். கொன்ராக்டர் முகம் சுளித்தாலும் பிடியுங்கள். அவர் தன் ஆட்களுக்குக் கொடுக்காமல் விட்டால் அவர்கள் அந்த நிலுவைக்காக உங்கள் வீட்டின்மேல் பற்றுரிமை (லீன்) பதியமுடியும்.

பெர்மிட்டை வேலையிடத்தில் ஒட்டுங்கள். சட்டக வேலை, குழாய், காப்பு ஒவ்வொன்றையும் மூடுமுன் இன்ஸ்பெக்டரைக் கூப்பிடுங்கள். அவர் வராமல் ட்ரைவோல் ஏறக்கூடாது. கடைசிப் பரிசோதனையை மறந்து பெர்மிட்டைத் திறந்தபடி விட்டவர்கள் பலர், வீடு விற்கும் கிழமையில் ஓடித் திரிகிறார்கள். கடைசிப் பரிசோதனை முடிந்து பெர்மிட் மூடப்பட்டதை நகரசபையின் தளத்தில் உங்கள் விலாசத்தைப் போட்டுப் பார்த்து, அந்தப் பக்கத்தை அச்செடுத்து வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். வீடு வாங்கப் போகிறவர்களும், விலை பேசுமுன் அதே விலாசத் தேடலைச் செய்துவிடுங்கள்.