கடலோரம் ஓர் அறை – 6: முதலில் தீவு, அப்புறம்தான் அறை

விளம்பரங்களில் வரும் மாலத்தீவுக்கு ஒரே முகம்தான். பச்சைக் கடலின் மேல் கால் ஊன்றி நிற்கும் மரவீடு, அதிலிருந்து நேரே நீருக்குள் இறங்கும் படிக்கட்டு, வாசலில் ஒரு புதுமணத் தம்பதி. அந்த மரவீட்டின் ஓர் இரவு வாடகை நம்மில் பலருடைய மாதச் சம்பளத்தை விழுங்கிவிடும். ‘நமக்கு ஆகாது’ என்று பக்கத்தைப் புரட்டிவிடுகிறவர்களுக்கு இன்னொரு மாலத்தீவு இருப்பது பெரும்பாலும் தெரிவதில்லை. அங்கே பள்ளிக்கூடம் உண்டு, பள்ளிவாசல் உண்டு, மாலையில் பந்தாடும் பிள்ளைகள் உண்டு. கயிறு பின்னிய நாற்காலியில் சாய்ந்தபடி ஊர்க்கதை பேசும் பெரியவர்களும் உண்டு. இருவர் தங்கும் ஏ.சி. அறை, காலை உணவோடு 50 முதல் 100 டாலருக்குள் கிடைப்பதும் அங்கேதான்.

ஏறக்குறைய 1,200 தீவுகள் கொண்ட நாடு இது. மக்கள் வாழ்பவை இருநூறுக்குள் அடங்கிவிடும். 1972-இல் தலைநகர் மாலேவுக்கு அருகில், ஆளில்லாத விஹமானாஃபுஷி தீவில் ‘குரும்பா’ திறக்கப்பட்டது. அதுதான் நாட்டின் முதல் ரிசார்ட். அன்று அதில் இருந்தவை வெறும் 60 படுக்கைகள். அதன்பின் ‘ஒரு தீவு, ஒரு ரிசார்ட்’ என்பதே எழுதாத சட்டமாகிப் போனது. சுற்றுலாப் பயணி ஒரு தீவில், உள்ளூர்க்காரர் வேறொரு தீவில். 2009-இல் விதி தளர்ந்து, மக்கள் வாழும் தீவுகளிலும் கெஸ்ட் ஹவுஸ் நடத்தலாம் என்றானது. மீனவர் வீடுகளுக்கு மேல் மாடி எழும்பியது. நடுத்தரக் குடும்பத்துத் தம்பதிகளுக்கும் மாலத்தீவு எட்டியது.

மலிவு ஓரிடம், அமைதி வேறிடம்

புதிய விதியை முதலில் பயன்படுத்திக்கொண்ட தீவு மாஃபுஷி. மாலேவுக்குத் தெற்கே, ஸ்பீடு போட்டில் முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஒன்றேகால் கிலோமீட்டர் நீளமே உள்ள அந்தத் தீவின் ஒரு பகுதியில் நாட்டின் சிறைச்சாலை. மிச்ச இடத்தில் கெஸ்ட் ஹவுஸ்களும், பல மாடி ஹோட்டல்களும், சுற்றுலா ஏற்பாட்டுக் கடைகளும் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. போட்டி அதிகம் என்பதால் அறையும் மலிவு, கடல் உலாக்களும் மலிவு. ஆனால் பயணிகளுக்கான கடற்கரை சின்னது. காலை பத்து மணிக்கு அங்கே துண்டு விரிக்க இடம் தேட வேண்டியிருக்கும். முதல்முறை போகிறவர்களுக்கு, இரண்டு மூன்று நாள் பயணத்துக்கு மாஃபுஷி சரி. அமைதிதான் முதல் தேவை என்றால் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போக வேண்டும்.

எங்கே போவது? திகுரா, தெற்கு ஆரி பவளத்தீவுக் கூட்டத்தில் மெல்லிய கோடு போட்டதுபோல் நீண்டு கிடக்கும் தீவு. ஊர் ஒரு முனையில் முடிந்துவிடும். அதற்கப்பால் தென்னையும் புதரும் வெள்ளை மணலும் கிலோமீட்டர் கணக்கில் போகும். இந்தப் பகுதிக் கடலில் திமிங்கலச் சுறாக்கள் ஆண்டு முழுக்க உலவுகின்றன. 2009 முதல் இது பாதுகாக்கப்பட்ட கடல் பகுதி.

வடக்கு ஆரியில் உக்குல்ஹாஸ் இருக்கிறது. குப்பை மேலாண்மையில் மற்ற தீவுகளுக்கு முன்னோடி என்று பெயரெடுத்த ஊர் அது. தெருவும் கடற்கரையும் பெருக்கிக் கோலம் போடலாம் போலிருக்கும். தொட்டூ விவசாயத் தீவு. தலைநகருக்குத் தர்பூசணியும் பப்பாளியும் அனுப்பும் தோட்டங்களுக்கு நடுவே சைக்கிளில் போய்க் கடலைச் சேரலாம். வாவு கூட்டத்து ஃபுலிதூ மிகச் சிறியது. மாலையானால் கரையோரம், முழங்கால் ஆழ நீரில் திருக்கை மீன்கள் வந்து வட்டமிடும்.

70 டாலர் அறையின் உண்மை விலை

தள்ளிப் போகப் போகப் படகுச் செலவு ஏறும். பட்ஜெட் பயணிகள் இடறி விழுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வரி சேர்க்காமல் 70 டாலர் என்று காட்டும் அறையில் ஒரு தம்பதி ஐந்து இரவு தங்குகிறது. அறைக்கு 350 டாலர். வழக்கமான 10 சதவீதச் சேவைக் கட்டணம் சேர்ந்தால் 385. அதன் மேல் சுற்றுலாப் பொருள் சேவை வரி. 2025 ஜூலையிலிருந்து அது 17 சதவீதம். தொகை 450-ஐத் தொட்டுவிடும். அடுத்தது பசுமை வரி. 50 அறை வரை உள்ள கெஸ்ட் ஹவுஸ்களில் 2025 ஜனவரி முதல் ஆளுக்கு, இரவுக்கு 6 டாலர். இருவருக்கு ஐந்து இரவுக்கு 60. ஸ்பீடு போட் ஒரு வழிக்கு ஆளுக்கு 50 டாலர் என்று வைத்துக்கொண்டால், இருவர் போய்வர 200. ஆக மொத்தம் 710 டாலர். எழுபது டாலர் அறை, இரவுக்கு 142 டாலர் அறையாகிவிட்டது.

அதே தீவில் இரண்டே இரவு தங்கினால்? படகுச் செலவு குறையாது. இரவுக்கு 200 டாலரைத் தாண்டிவிடும். இதனால்தான் தூரத் தீவுக்குப் போகிறவர்கள் நான்கைந்து இரவாவது தங்க வேண்டும். நாள் குறைவு என்றால் மாலேவுக்குப் பக்கத்துத் தீவுகளே கட்டுப்படியாகும். ஐந்து நாளில் மூன்று தீவு பார்க்கும் திட்டம் பணத்தையும் தின்னும், ஓய்வையும் தின்னும்.

அரசு நடத்தும் ஃபெர்ரிகள் உண்டு. மெதுவாகப் போகும் பழைய ஃபெர்ரியில் சில டாலரிலேயே போய்விடலாம். ஆனால் அது எல்லாத் தீவுக்கும் தினமும் கிடையாது. வெள்ளிக்கிழமை வார விடுமுறை என்பதால் அன்று சேவை நின்றுவிடும், தனியார் ஸ்பீடு போட்டுகளின் எண்ணிக்கையும் குறையும். மாலை கவிந்தபின் வந்திறங்கும் விமானத்தில் டிக்கெட் மலிவாகக் கிடைத்தாலும் ஏமாந்துவிடக் கூடாது. கடைசிப் படகு போயிருக்கும். விமான நிலையத்திலிருந்து காரிலேயே போய்விடக்கூடிய ஹுல்ஹுமாலேயில் ஓர் இரவு அறை எடுக்க நேரும். படகு நேரத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு விமான டிக்கெட் எடுப்பதே முறை.

அமைதிக்கு எதிரிகள்

தீவைத் தேர்ந்தாயிற்று. இனி அறை. ‘பீச் ஃப்ரண்ட்’ என்ற சொல்லுக்காக இரட்டிப்பு வாடகை கொடுப்பதில் பெரும்பாலும் பலனில்லை. இந்தத் தீவுகளில் பலவற்றின் அகலம் சில நூறு மீட்டர்தான். ஊருக்குள் எந்தச் சந்தில் தங்கினாலும் ஐந்து, பத்து நிமிட நடையில் கடல் வந்துவிடும். பார்க்க வேண்டியது, அறைக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதை.

பெரும்பாலான தீவுகளுக்கு மின்சாரம் டீசல் ஜெனரேட்டர் நிலையத்திலிருந்து வருகிறது. அதன் உறுமல் இரவில் ஓயாது. துறைமுகத்தை ஒட்டிய அறைக்கு விடியற்காலையிலேயே படகு இன்ஜின் சத்தம் வந்துவிடும். பள்ளிவாசல் பக்கத்தில் என்றால் அதிகாலைத் தொழுகை அழைப்புக்கு விழிப்புத் தட்டும். கெஸ்ட் ஹவுஸ் தொழில் வளரும் தீவுகளில் அடுத்த மனையில் கான்கிரீட் மிக்சர் ஓடிக்கொண்டிருப்பதும் சகஜம். இவை எதுவும் விளம்பரப் படத்தில் தெரியாது. கூகுள் வரைபடத்தில் துறைமுகமும் பள்ளிவாசலும் தெரியும். மற்றதைச் சமீபத்தில் தங்கியவர்களின் விமர்சனங்களில் தேட வேண்டும், உரிமையாளரிடம் வாட்ஸ்அப்பில் நேரடியாகவும் கேட்டுவிடலாம். நான்கு அறை, ஆறு அறை மட்டுமே உள்ள சிறிய இல்லங்களில் உரிமையாளரே பதில் தருவார்.

கடற்கரையும் எந்தப் பக்கம் என்று கேட்க வேண்டும். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வடகிழக்குப் பருவம். வானம் வெளுத்திருக்கும், வாடகையும் உச்சத்தில் இருக்கும். மே முதல் நவம்பர் வரை தென்மேற்குப் பருவம். மழையும் காற்றும் உண்டு, வாடகை இறங்கும். அப்போது மேற்குக் கரையில் அலை மோதும், கடல்பாசி ஒதுங்கும். கிழக்குக் கரை அடங்கிக் கிடக்கும். மழைக்காலத்துக்கென்றே ஒரு கொடையும் இருக்கிறது. பா பவளத்தீவுக் கூட்டத்தின் ஹனிஃபாரு விரிகுடாவில் அந்த மாதங்களில்தான் மிதவை உயிரிகளை மேய மான்டா திருக்கைகள் கூட்டமாக வருகின்றன. 2011-இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்த பகுதி அது. பக்கத்திலிருக்கும் தரவந்தூ தீவில் கெஸ்ட் ஹவுஸ்களும் உள்நாட்டு விமான நிலையமும் உண்டு.

ஊர் வழக்கம்

இவை மக்கள் வாழும் இஸ்லாமிய ஊர்கள். மதுவும் பன்றி இறைச்சியும் இல்லை. வெளியிலிருந்து பாட்டில் கொண்டுபோனால் விமான நிலையச் சுங்கத்திலேயே எடுத்து வைத்துவிடுவார்கள். வழிபாட்டுச் சிலைகளுக்கும் தடை இருக்கிறது. பூஜைப் பெட்டியோடு பயணம் போகிற பழக்கம் உள்ளவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நீச்சலுடை, ‘பிகினி பீச்’ என்று பலகை வைத்துத் தடுத்த பகுதியில் மட்டும். ஊர்த்தெருவில் தோளும் தொடையும் மூடிய உடை. நம் ஊர்த் தம்பதிகளுக்கு இது பெரிய கட்டுப்பாடாகத் தோன்றாது. ரிசார்ட்டின் நீச்சல் குளமும் பாரும் வேண்டும் என்றால், ஒரு பகல் மட்டும் போய்வரும் ‘டே பாஸ்’ பல ரிசார்ட்டுகளில் விற்கிறார்கள். ஓர் இரவு வாடகையில் அது சிறு பகுதிதான்.

அடுத்த சில ஆண்டுகளுக்கு ரமலான் மாதம் குளிர்காலத்தில், அதாவது பயணிகள் குவியும் பருவத்துக்குள்ளேயே வருகிறது. பகலில் ஊர் உணவகங்கள் மூடியிருக்கும், தங்கும் இல்லத்தில் சாப்பாடு கிடைக்கும். பகலில் ஊர் அடங்கியிருக்கும் இந்த மாதம், அமைதி தேடுகிறவர்களுக்கு ஒரு வாய்ப்பு.

சாப்பாடு தமிழ் நாக்குக்கு அந்நியமில்லை. சூரை மீனை உதிர்த்து, தேங்காய்த் துருவல், வெங்காயம், மிளகாய், எலுமிச்சையோடு பிசைந்த மஸ் ஹுனியும் ரொட்டியும்தான் காலை உணவு. இலங்கைச் சம்பலுக்கு ருசி கூட்டும் மாசிக் கருவாட்டின் தாயகம் இதுதான். தூத்துக்குடித் தோணிகள் காய்கறியும் கட்டுமானப் பொருட்களும் ஏற்றிப் போவதும் இந்தத் தீவுகளுக்குத்தான். சைவச் சாப்பாட்டுக்காரர்கள் மட்டும் முன்பதிவின்போதே சொல்லிவிட வேண்டும். மீன் இல்லாத சமையல் அங்கே தானாக நடக்காது.

இந்தியர்கள் சுற்றுலாவுக்கு முன்கூட்டியே விசா எடுக்க வேண்டியதில்லை, விசாக் கட்டணமும் இல்லை. பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் மாலத்தீவுக் குடிவரவுத் துறையின் ‘இமுகா’ இணையதளத்தில் விவரம் பதிய வேண்டும். அதற்கும் கட்டணம் இல்லை.

முன்பதிவுக்குப் பணம் கட்டும் முன் உரிமையாளரிடம் ஐந்து கேள்வி கேளுங்கள். வரிகள் எல்லாம் சேர்த்து எவ்வளவு? படகு எத்தனை மணிக்கு, வெள்ளிக்கிழமை உண்டா? ஜெனரேட்டர் நிலையம் எவ்வளவு தூரம்? பக்கத்தில் கட்டட வேலை நடக்கிறதா? நாங்கள் வரும் மாதத்தில் பிகினி பீச் பக்கம் அலை எப்படி? ஐந்துக்கும் நேரான பதில் வந்தால் அறையைப் பிடித்துவிடலாம். மழுப்பினால், அதே தீவில் அடுத்த இல்லத்துக்கு எழுதுங்கள்.

(அடுத்த வாரம்: இலங்கையின் கிழக்குக் கரை – நிலாவெளி, பாசிக்குடா, அறுகம்பை)